கொழும்பில் ஒரு கை சீனி

போன சனிக்கிழமை அக்காவுக்குக் கொழும்பைச் சுற்றிக் காட்டினேன். அக்கா மலையகத்தில் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். கொழும்புக்கு வருவது இதுதான் முதல் தடவை.

தாமரைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். காலிமுகத்திடலில் இறால் பதித்த இஸ்ஸோ வடை தின்றாள். பக்கத்திலேயே கடலை நிரப்பிக் கட்டும் புது நகரத்தைக் காட்டினேன்.

"மலையில நமக்கு வீடு கட்ட எடமில்லங்கிறானுக... இங்க கடல்ல மண்ணக் கொட்டி எடம் பண்றானுகளா?" என்றாள்.



அவள் மனசெல்லாம் வேறு இடத்தில். கோட்டையில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடமொன்றைப் புதுப்பித்து டீ லவுஞ்ச் ஆக்கியிருக்கிறார்கள். அவள் மகள் பிரியா அங்கேதான் பரிமாறுகிறாள்.

பிரியா முதல்நாளே எனக்குப் போன் பண்ணியிருந்தாள். "சித்தி, அம்மாவக் கூட்டிட்டு வாங்க. ஆனா அங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. அப்பா பண்டாரவளையில கடை வச்சிருக்கார்னு சொல்லி வச்சிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. அக்காவிடம் மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

"சரி, தூரத்துல இருந்து பாத்துட்டு வந்துருவோம்" என்றாள்.

போய் உட்கார்ந்தோம். சுவர் முழுக்க ஒரே படம் — பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் கொழுந்துக்காரி. "அட்டை கடிக்கிறப்ப எவடி இப்படிச் சிரிப்பா?" என்று அக்கா என் காதைக் கடித்தாள்.

பிரியா வந்தாள். யாரோ எவரோ மாதிரி பால் சேர்க்காத பிளேன்டீ இரண்டும் சீனிக் கிண்ணமும் வைத்துவிட்டு நகர்ந்தாள். அக்கா கொஞ்சம் சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். ஒரு நக்கு, ஒரு மிடறு... எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் குடிப்போம்.

பக்கத்து மேசையில் சிரிப்பு. மேனேஜர் வந்துவிட்டார். "இங்க அப்படிக் குடிக்க வேணாம்மா. மத்தவங்க பாக்குறாங்க."

அக்கா கையைத் துடைக்கவில்லை. "எங்க படத்தச் சுவத்துல மாட்டுவீங்க. நாங்க வந்து குந்துனா மட்டும் ஆகாதோ?"

மனுசன் பிரியா பக்கம் திரும்பினார். "யார் இவங்க? உமக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டால்? பெற்றவள் அதை எப்படித் தாங்குவாள்?

பிரியா ட்ரேயை மேசையில் வைத்தாள்.

"எங்கம்மா, சார். தோட்டத்துல கொழுந்தெடுக்குறாங்க. கடை கிடை எல்லாம் பொய்."

சொல்லிவிட்டுத் தாயின் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். "எனக்கும் கொஞ்சம் போடுங்கம்மா."

வேலை போனதா என்றுதானே கேட்கிறீர்கள்? போகவில்லை. பெற்ற தாயை 'அம்மா' என்றதற்காக எவனாவது வேலையைப் பிடுங்கியிருந்தால், இந்தப் பத்தியிலேயே வைத்துக் கிழித்திருப்பேன்!

ஊர் திரும்பியதும் லயத்துச் சனம் அக்காவைச் சூழ்ந்துகொண்டது. கோபுரம் பார்த்தியா, கடல் பார்த்தியா, கொழும்பில் என்னதான் பார்த்தே?

"எம் மகளப் பாத்தேன்" என்றாள்.