சூத்திரங்கள் மட்டும் அழகாம்

கணிதக் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புவதற்காகவே லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைக் கற்றேன். பின்னம், வர்க்கமூலம் எல்லாவற்றையும் கணினிக் குறியீடாகத்தான் அடிக்க வேண்டும். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் பக்கமே வராது. மூன்று மாதம் போராடினேன்.

இன்று இலுப்பூர் பஸ்ஸில் போகும்போது ஆய்விதழின் பதில் மெயிலில் வந்தது. நிராகரித்துவிட்டார்கள். நான் நிரூபித்ததை யாரோ முன்பே நிரூபித்துவிட்டார்களாம். கடைசி வரி: "சூத்திரங்கள் மிக அழகாக அச்சிடப்பட்டுள்ளன."

அழுகைகூட வரவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டு அக்கா கேட்டார், "என்னங்க, கெட்ட சேதியா?"

"இல்லக்கா. நான் டைப் பண்ணது அழகா இருக்காம்."

"நல்லதுதானே! அதுக்கு ஏன் இப்புடி ஒக்காந்திருக்கீங்க?"

தலையாட்டினேன்.

கணக்கு வினாத்தாள் அடிக்க ஆள் தேவைப்படுவோர் கமெண்டில் சொல்லுங்கள். கேள்வியே தப்பாக இருந்தாலும் பார்க்க லட்சணமாக இருக்கும்.