ஜாடி அளவுக்கு ஒரு காதுப்பட்டை

நான் சூப்பர்வைசராக இருந்த விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பூச்சு பூசுகிறவர் அந்த அம்மா. விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாகக் காய்ந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் கொக்கி ஊசியை எடுத்து, காதை மூடும் கம்பளிப் பட்டை ஒன்று பின்னுவார். சித்திரை வெயிலிலும் பின்னுவார்.

போர்வெல் லாரியோடு வடக்கே வேலைக்குப் போன மகன், தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் பேசி, "காது வலிக்குதும்மா, அவ்ளோ குளிரு" என்றதுதான் கடைசி. அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

மகன் தலைக்கு அளவாக ஒரு ஜாடியை வைத்திருந்தார். வருஷம் திரும்பியதும் பட்டையைப் பிரித்து, அடுத்த அளவு ஜாடிக்குப் பின்னுவார். அவனுக்கு வளர்கிற வயதாம்.

ஒருநாள், "செத்த போட்டுப் பாருங்க சார்" என்று என்னிடம் நீட்டினார். போட்டேன். நெற்றியில் நிற்காமல் கழுத்துக்கு இறங்கிவிட்டது.

"எந்தத் தலைக்கும் இது நிக்காதும்மா" என்றேன்.

அவர் அதை வாங்கி ஜாடியில் மாட்டி, காது வருகிற இடத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"இருக்கட்டும் சார். அவன் வர்றதுக்குள்ள சரியாயிடும்."

எங்கள் பட்டறையில் அதைவிடப் பெரிய ஜாடி செய்வதில்லை.