தெரியாது என்று சொன்ன கம்பைலர்

ரெசிஃபே நகரில் எங்கள் குழு பராமரிக்கும், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலருக்குப் பிழைச்செய்தி எழுதுகிறவள் ஜுசாரா. நிரலில் தவறு இருந்தால் "செல்லாத தொடர்" என்று வள்ளென்று விழுந்த செய்திகளை, "பன்னிரண்டாம் வரியில் அடைப்புக்குறியை மூடுங்கள்" என்று வழிகாட்டும்படி மாற்றியவள். எல்லோரும் மெச்சினோம்.

ஒருநாள் புதிதாக நிரல் எழுதக் கற்பவர்களின் வகுப்பைப் பார்க்கப் போனாள். வேலை பார்த்த நெசவாலை மூடப்பட்டபின் அந்த வகுப்பில் சேர்ந்திருந்த வல்திரேனி, செய்தி சொன்னபடியே பன்னிரண்டாம் வரியில் அடைப்புக்குறி போட்டார். வேறு பிழை வந்தது. அது சொன்னதையும் செய்தார். சரியாக இருந்த வரிகளெல்லாம் கெட்டன. உண்மையான தவறோ நான்காம் வரியில் இருந்தது; பன்னிரண்டு என்றது கம்பைலரின் வெறும் ஊகம்.

"மெஷினே இவ்ளோ பொறுமையா சொல்லுது. என் மண்டையிலதான் ஏறல" என்று அவர் பையை எடுத்தார்.

"அக்கா, தப்பு உங்க மேல இல்ல. அந்தச் செய்திய எழுதினதே நான்தான்."

"சும்மா சமாதானம் சொல்லாதம்மா."

போய்விட்டார்.

ஜுசாரா செய்தியைத் திருத்தினாள்: "நான்காம் வரியில் திறந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை. எங்கே மூட வேண்டும் என்று தெரியவில்லை."

குழுத் தலைவர் எய்தோர் முகம் சுளித்தார். "கம்பைலரே தெரியலன்னு சொன்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். தெரிஞ்ச மாதிரி பேசித்தானே ஒருத்தங்கள விரட்டிட்டோம்?"

எய்தோர் ஒப்புக்கொண்டார். ஆனால் வல்திரேனி வகுப்புக்குத் திரும்பவேயில்லை; தொலைபேசியில் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. நாங்கள் மெச்சிய மற்றச் செய்திகளை ஜுசாரா இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து, இது யாரை விரட்டியதோ என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.