தே ஓ குடித்த கறுப்பு மீன்

ஸ்கூடாயில் மீன் கடை ஒன்றில், ஒரு தொட்டியில் மட்டும் தண்ணீர் பழுப்பாக இருந்தது. காய்ந்த இலைகள் ஊறும் வாசம் மூக்கில் ஏறியதும், சின்ன வயதில் நாங்கள் இருந்த லாயாங் லாயாங் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கே மனதால் போய்விட்டேன்.

லயத்துக்குப் பின்னால் சதுப்புக்காடு. அங்கே தண்ணீர் கோப்பி நிறத்தில் நிற்கும். அதில் சுண்டுவிரல் நீளக் கறுப்பு மீன் ஒன்றைப் பிடித்துப் போத்தலில் வைத்திருந்தேன்.

“உசுருள்ளத அழுக்குத் தண்ணியிலயா வைப்ப?” என்று திட்டிவிட்டு அம்மா பைப்புத் தண்ணீரை மாற்றி ஊற்றினார். மறுநாள் மீன் வெளுத்துப்போய், செவுள் மட்டும் அசைய, அடியில் கிடந்தது. அம்மா பதறிவிட்டார்.

“அது இருந்த தண்ணி இந்த நெறந்தானடி?” என்று தேநீர்க் குவளையைக் காட்டிக் கேட்டு, பாலும் சீனியும் சேர்க்காத, ஆறிப்போன அந்தத் தே ஓவைப் போத்தலில் ஊற்றினார். சாயங்காலம் மீன் பழையபடி கறுத்து, துடுப்பை விரித்தது. அது நிறத்தைப் பார்த்ததா, ருசியைப் பார்த்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தச் சதுப்பு முழுக்க இப்போது செம்பனைத் தோட்டம். கடைத் தொட்டியில் இருந்தது அதே வகை மீன்.

“இங்கயே குஞ்சு பொரிச்சது அக்கா. காட்டுல இப்ப அபூர்வம் லா,” என்றார் கடைக்காரர்.

இரண்டை வாங்கி வந்து, இலை ஊறிய தண்ணீரில் விட்டேன். அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தொட்டியருகே குனிந்தார்.

“சீனி போடலல்ல?”