பங்களாப் புல்தரை

நேற்று பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரோ புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். அந்த ஈர வாசனையில் என் ஏழு வயது திரும்பி வந்துவிட்டது.

அப்போது இந்தப் பூங்கா ஒரு வெள்ளைக்காரப் பஞ்சு வியாபாரியின் பங்களாத் தோட்டம். தூத்துக்குடியின் உப்பு மண்ணில் புல் வளர்க்க, மாப்பிள்ளையூரணியிலிருந்து மாட்டுவண்டியில் நல்ல தண்ணீர் வரும். அம்மா அங்கே களை பறித்தாள். வேலைக்காரர்கள் புல்லில் உட்காரக் கூடாது. வேலிக்கு வெளியே நின்று அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கப் பார்க்க அது கடலைப்போல அசையும்.

சுதந்திரம் வந்தது. துரை கப்பலேறிப் போனார். தோட்டத்தை ஊருக்குத் திறந்துவிட்ட அன்று சாயங்காலம், அப்பாவின் அக்கா எங்களை அழைத்துப் போனாள். அம்மா மட்டும் கல்பாதையிலேயே நின்றாள்.

“ஏளா, உக்காரு. இனி யாரும் ஏச மாட்டாவ,” என்றாள் அத்தை.

அம்மா தயங்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே அவள் கை களையைத் தேடிற்று. அத்தை அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அம்மா அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

“எழுப்பட்டுமா அத்தை?”

“வேண்டாம்ளா. தூங்கட்டும்.”

அம்மா பகலில் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். விளக்கு வைக்கும்வரை நாங்கள் இருவரும் அசையாமல் காவலிருந்தோம்.