சிவப்பாக இல்லாத பெட்ரோல்

எண்பதுகளின் நடுவில் அத்திம்பேர் வளைகுடா வேலையை விட்டுவிட்டு மட்டாஞ்சேரிக்குத் திரும்பினார். அவரோடு கப்பலில் ஒரு காரும் வந்தது. இரண்டே கதவு, தாழ்ந்த மூக்கு, பின்பக்கம் 'டர்போ' என்று எழுத்து. அக்கா ஒரு தடவை ஏறிவிட்டு, வேகம் தாங்காமல் இனி வேண்டாம் என்றுவிட்டாள். நான் அப்போது அவர்கள் வீட்டில் தங்கி, மிளகு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். முன் இருக்கை எனக்கு வாய்த்தது அப்படித்தான்.

தோப்பும்படிப் பாலம் ஏறும்போதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டோம். அத்திம்பேர் ஆக்சிலரேட்டரை மிதித்ததும், தகர டப்பாவில் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல எஞ்சின் கடகடத்தது.

"நீ கேட்டயோ?" என்றார்.

"கேட்டேன். என்னது அது?"

"ஆரோ என்னமோ பண்ணியிருக்கா."

அப்போதே அவர் குரலில் சந்தேகம் ஏறிவிட்டது.

பெட்ரோல் மூடியின் உட்புறம், ஆக்டேன் தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாது என்று ஒட்டியிருந்தது. டர்போ வண்டியில் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிப்பார்கள். அந்த அழுத்தத்தில் பெட்ரோல் தன் முறை வருவதற்கு முன்பே எரிந்துவிடாமல் பொறுத்திருக்க வேண்டும். ஆக்டேன் என்பது அந்தப் பொறுமையின் அளவு என்று அத்திம்பேர் எனக்குச் சொல்லியிருந்தார். நம் ஊரில் கிடைத்த உயர்ந்த பெட்ரோல் தொண்ணூற்றுமூன்று. அதற்காகவே பக்கத்துப் பங்க்கை விட்டுத் தேவரா வரை போய், கூடுதல் விலை கொடுத்து நிரப்பிக்கொண்டு வந்தார். ஆகவே பெட்ரோல்மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அதற்கு முன் வண்டியை சர்வீஸ் செய்திருந்த மெக்கானிக் மேல் வந்தது.

பஜாருக்குப் பின்னால் ஒர்க்ஷாப் வைத்திருந்தவர் அவர். எல்லோரும் இக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். சத்தத்தைச் சொன்னதும் வண்டியை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "பெட்ரோலில மண்ணெண்ண கலந்திருக்கும் சாரே, வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

வெளியே வந்ததும் அத்திம்பேர் என் காதருகே சொன்னார்: "ஒரிஜினல் பிளக்கைக் கழட்டிட்டு லோக்கல் சாமானைப் போட்டிருக்கான். இப்பொ பழியைப் பெட்ரோல் மேல போடறான்."

எனக்கும் அது நிஜமாக இருக்கலாம் என்றுதான் தோன்றியது. சந்தேகம் அப்படி ஒட்டிக்கொள்ளும். இக்கா சிரித்தால்கூட, எதை மறைக்கச் சிரிக்கிறார் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

ஆனாலும் மண்ணெண்ணெய் விஷயத்தைச் சோதித்துவிடலாம் என்று இரண்டு ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு தேவரா போனோம். ஒன்றில் சாதாரணப் பெட்ரோல், மற்றதில் உயர்ந்தது. வீட்டு மொட்டைமாடியில் வெள்ளைக் காகிதத்தில் சொட்டுச் சொட்டாக விட்டோம். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். ஒன்றுமே நிற்கவில்லை. இரண்டும் சுத்தமாகக் காய்ந்தன.

"பாத்தயோ? நான் சொன்னேனே" என்றார் அத்திம்பேர்.

நான் பாட்டில்களை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். இரண்டும் ஒரே ஆரஞ்சு நிறம்.

எங்கள் ஆபீஸ் வேன் கலூரில்தான் பெட்ரோல் போடும். அங்கே சாதாரணம் ஆரஞ்சாகவும் உயர்ந்தது சிவப்பாகவும் இறங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னதும் அத்திம்பேர் சாவியை எடுத்தார். கலூரில் வாங்கிய பெட்ரோல் பாட்டிலில் நன்னாரி சர்பத் போலச் சிவந்து நின்றது.

அங்கிருந்து நேராகத் தேவரா பங்க்குக்குப் போனோம். மேனேஜர் பாட்டில்களைப் பார்த்தார், பதறவில்லை.

"ஒசந்தது லோடு வராம ஒரு மாசமாச்சு சேச்சி" என்றார்.

"பின்ன அந்த ஹோஸ்ல வர்றது?"

"சாதாரணம்தான்."

"எங்ககிட்ட சொல்லலையே?"

"ஆரும் கேட்டில்லல்லோ."

அத்திம்பேர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். கலூர்ப் பெட்ரோல் உள்ளே போனபிறகு பாலத்தில் சத்தம் ஏறக்குறைய இல்லை. முழுக்க அழுத்தினால் மட்டும் லேசாக ஒரு முனகல்.

மறுநாள் ஒர்க்ஷாப்புக்குப் போனோம். அத்திம்பேர் நடந்ததைச் சொல்லி, அந்த முனகலும் போக எஞ்சினில் தீப்பொறி விழும் டைமிங்கைக் கொஞ்சம் சரிபார்த்துக் கொடுக்கச் சொன்னார். இக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"பிளக்கில எல்லாம் ஆணி வச்சுக் கோடு போட்டுட்டுத்தானே வண்டியைக் கொண்டுவந்தீங்க? கழட்டினப்பவே நான் கண்டேன் சாரே" என்றார். "அதே பிளக்குதான் உள்ள இருக்கு. நோக்கிக்கோ. வண்டியை இனி வேற எடத்தில காட்டுங்க."

பிளக்கை மாற்றினால் கண்டுபிடிக்க அத்திம்பேர் கோடு போட்டு வைத்தது எனக்கே தெரியாது. இக்கா ஒரு லாரியின் அடியில் போய்ப் படுத்துவிட்டார். வெளியே அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு கிளம்பினோம்.

அடுத்த வருஷம் மூணாறு பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவருக்குக் காரை விற்றுவிட்டு அத்திம்பேர் மறுபடி வளைகுடாவுக்கே போனார். நான் ஆபீசுக்கு நடந்து போவது அந்த ஒர்க்ஷாப் வழியாகத்தான். இக்கா ஒருநாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. "சுகந்தன்னே?" என்று நலம் விசாரிப்பார். நானும் தலையாட்டிவிட்டுப் போவேன். அத்திம்பேரைப் பற்றி மட்டும் அவர் கேட்டதே இல்லை.