ஒரு தோள் இறங்கிய சட்டை

ஆறாயிரத்து நானூறு சதவீதம். திரையில் தான் வரைந்த ஒரு லோகோவை இந்த அளவுக்குப் பெரிதாக்கி, வளைவின் ஓரத்தை மூக்கு இடிக்கும் தூரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓரம் கத்தியால் சீவியதுபோல் இருக்கிறது. "ம்" என்கிறாள். அடுத்த வளைவு. இதற்கு மேல் பெரிதாக்க மென்பொருள் விடுவதில்லை என்பது அவளுடைய நிரந்தரக் குறை.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, இரண்டு கணினிகள். ஒன்று வேலைக்கு. மற்றது புது எழுத்துரு எதையும் ஏற்றாத பழைய பெட்டி, சோதனைக்கு மட்டும். முடித்த லோகோவை அதில் திறப்பாள். எழுத்துகளைக் கோடுகளாக மாற்ற மறந்திருந்தால் அங்கே எழுத்து உருமாறி, குட்டு வெளிப்பட்டுவிடும். பிறகு நகத்தளவில் அச்சடித்து, விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டி, வாசல்வரை போய்த் திரும்பிப் பார்ப்பாள். அங்கிருந்து அடையாளம் தெரிந்தால்தான் வாடிக்கையாளருக்குப் போகும்.

போவதும் ஒற்றைக் கோப்பாகப் போகாது. பலகைக்கும் அச்சகத்துக்கும் எஸ்விஜி, பிடிஎஃப். இணையதளத்துக்குப் பின்னணி இல்லாத பிஎன்ஜி, மூன்று அளவுகளில். கடிதத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு ஜேபிஜி. கோப்பின் பெயரிலேயே போகவேண்டிய விலாசம் இருக்கும்: 'பலகைக்கு', 'கறுப்புத் துணிக்கு', 'போனுக்கு'. 'ஃபைனல்' என்று மட்டும் எதற்கும் பெயர் வைக்கமாட்டாள். "அப்படிப் பேர் வச்ச அன்னிக்கே ஒரு திருத்தம் வரும்" என்கிறாள்.

கார் ஓட்டக் கற்றுத்தருபவர் ஒருவர், இத்தனை கோப்பு எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்டாராம். "உங்க காருக்கு ஒரே கியர் போதுமா சார்?" என்று இவள் திருப்பிக் கேட்க, மனிதர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பொறுமையாகக் கேட்பவர்களுக்குத் தரையைக் காட்டுவாள். பிஎன்ஜி என்பது ஓடு பதித்த தரை மாதிரி. தள்ளி நின்றால் கோலம், குனிந்தால் வெறும் சதுரங்கள். எஸ்விஜியில் சதுரமே கிடையாது. இங்கே தொடங்கு, இப்படி வளை, அங்கே நில் என்கிற கட்டளைகள்தான். தபால்தலை அளவோ, மாடி உயரமோ, கட்டளை மாறாது.

இவ்வளவு கறாரானவள் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. பதினோரு வருடங்களுக்கு முன் அக்காவின் சலவைக் கடைக்குப் போட்ட லோகோ. அதுதான் அவளுடைய முதல் வேலை. கொக்கியில் தொங்கும் ஒரு சட்டை. மவுஸ் பிடிக்கத் தெரியாத கை வரைந்ததில் இடது தோள் சற்று இறங்கிவிட்டது. அதைச் சின்ன பிஎன்ஜியாகக் கொடுத்துவிட்டாள். மூலக் கோப்பு, பழுதான பழைய கணினியோடு போய்ச்சேர்ந்தது. அக்காவிடம் இதைச் சொன்னதில்லை.

இப்போது அக்கா இரண்டாவது கடை திறக்கிறாள். திங்கட்கிழமை திறப்பு. பலகை இருபதடி, தகட்டில் வெட்டுவது. வெட்டுபவர் தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "புள்ளிப் படம் வேணாம்மா. மிஷினுக்குக் கோடு வேணும்." மறுநாள் காலை பத்து மணிக்குள் கோப்பு வந்தால்தான் பலகை திங்களுக்குள் தயாராகும்.

காதும் காதும் வைத்தாற்போல் புதிதாக வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். பழைய படத்தைப் பெரிதாக்கினால் தோள் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரங்கள் படிக்கட்டாக நின்றன. தோள் எவ்வளவு இறங்கியிருந்தது என்பது அதில் இல்லை. பழைய கடையின் பலகையும் அதே படத்தைப் பெரிதாக்கியதுதான், அங்கும் மங்கல்தான். கோணலைத் திருத்தச் சொல்லிக் கை வேறு அரித்தது. இரண்டு தோளையும் சமமாக்கி அக்காவுக்கு அனுப்பினாள்.

அரை மணி நேரத்தில் அக்கா மூன்று மாடி ஏறி வந்துவிட்டாள்.

"இது யாரு சட்டைடி?"

"நம்ம சட்டைதான்க்கா. நேராக்கினேன்."

"யாரு கேட்டா? தோள் சாஞ்ச சட்டைக் கடை எதுன்னு கேட்டுக்கிட்டுதான் ஆளுங்க வராங்க. பழசையே குடு."

பழசு இல்லை. இவள் எல்லாவற்றையும் சொன்னாள்: சின்னப் படம், போன கணினி, பதினோரு வருடம். அக்கா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் நாலு நாலா குடுக்குற. எனக்கு மட்டும் ஒண்ணா?"

"அப்போ எனக்கே தெரியாதுக்கா."

அக்கா எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையில் விரலை வைத்தாள். இறக்கு என்றாள். இன்னும். இன்னும் கொஞ்சம். இவள் அம்புக்குறி விசையைத் தட்டத் தட்ட, தோள் மயிரிழை மயிரிழையாக இறங்கியது. எத்தனை டிகிரி என்று இவள் ஓரத்து எண்ணைப் பார்த்தாள். அக்கா சட்டையைத்தான் பார்த்தாள். தினம் முந்நூறு சட்டை மாட்டுகிறவளின் கண். "நில்லு" என்றாள்.

நகத்தளவில் அச்சடித்து சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டியதும், இம்முறை வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தது அக்கா. தலையசைத்தாள்.

'பலகைக்கு' முதல் 'போனுக்கு' வரை எல்லாக் கோப்புகளும் இரண்டு பென்டிரைவ்களில் ஏறின. ஒன்று மேசை இழுப்பறைக்குள் போனது. மற்றதை அக்கா வாங்கி, கடைச் சாவிக்கொத்தில், ஷட்டர் சாவிக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டாள். நாளைக் காலை பத்து மணிக்குள் வெட்டுபவரிடம் அவளே கொண்டுபோகிறாள்.